செவ்வாய்க்கிழமை மீன்

நகம் உடைந்ததுதான் மிச்சம். படம் இம்மிகூட அசையவில்லை. சந்தை வாசல் பலகையில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் பூசிய பசை அப்படி. ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு அவள் வியாழக்கிழமைப் படத்தின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சித்தி வந்துவிடுவாள். அதுவும் தனியாக வரமாட்டாள்.

'சந்தையில் ஒரு வாரம்' என்று அவள் எடுத்த ஏழு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் கிழமையை அவளே குண்டு குண்டாக எழுதியிருந்தாள். திங்களுக்குக் கீரைக்கட்டு, புதனுக்கு முட்டைத் தட்டு. செவ்வாயும் வியாழனும் சித்தியின் மீன்கடை. இரண்டிலும் நடுநாயகமாக ஒரே மீன். வாலில் ஒரு கடி, கண்ணுக்கு மேலே மிளகளவு கறுப்புப் புள்ளி. சித்தியின் கடைப் பலகையிலோ 'அன்றைய மீன் அன்றைக்கே' என்று முழ நீளத்துக்கு எழுதியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தில் சித்தி கண்ணை மூடிவிட்டாள். மீன்தான் முழித்துக்கொண்டிருந்தது. "இவ்வளவு லட்சணமான மீன் இனிமே எங்க கிடைக்கும்?" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். வியாழக்கிழமை போனால், சித்தி ஐஸ் பெட்டியிலிருந்து அதே மீனை எடுத்துக் குவியலின் உச்சியில் உட்கார வைத்தாள்.

"ம், எடு. ரெண்டு நாளா மாப்பிள்ளை உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

பள்ளிக்கூடத்தில் நாளுக்கு ஒரு படம் வேண்டும் என்றதால் அவள் இரண்டையும் கொடுத்துவிட்டாள். கைப்பேசியில் கட்டைவிரல் அளவு இருந்த மீன், இங்கே முழங்கை நீளத்துக்குப் படுத்துக்கொண்டு ஊரையே பார்க்கிறது.

"என்ன கேமராக்காரி, சொந்தப் படத்தையே திருடுறியா?"

முட்டைக்காரர். பலகைக்குப் பக்கத்தில்தான் கடை. கிட்டே வந்து மூக்கு ஒட்டும்படி பார்த்தார்.

"அட, இந்த ஆளை இங்கயும் பார்த்தேன், அங்கயும் பார்க்கிறேனே!"

"அண்ணா, ப்ளீஸ், கத்தாதீங்க."

"நான் எங்கம்மா கத்துறேன்? மீன்தான் கத்துது."

அதற்குள் சித்தியின் குரல் கேட்டுவிட்டது. "வாங்க டீச்சரம்மா, வாங்க! ஏழு படத்துல ரெண்டு நம்ம கடை. எங்க அக்கா பொண்ணு எடுத்தது!" பின்னால் நாலைந்து வாடிக்கையாளர்கள்.

டீச்சரம்மா முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவர். கண்ணாடியை மாட்டினார். செவ்வாயைப் பார்த்தார், வியாழனைப் பார்த்தார், மறுபடியும் செவ்வாய்க்குப் போனார்.

"பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கே. வால்ல அதே கடி, அதே புள்ளி?"

சித்தி இமைக்கக்கூட இல்லை. "அண்ணன் தம்பிங்க டீச்சரம்மா. குடும்ப ஜாடை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சரம்மாவும்தான். அத்தோடு ஸ்டூலை விட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பயம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது.

"ஒரே மீன்தான் டீச்சரம்மா! நான் அழுதேன்னு சித்தி ஐஸ்ல எடுத்து வெச்சாங்க. படத்துக்குத்தான், விக்கிறதுக்கு இல்ல!"

சிரிப்பு நின்றது. முட்டைக்காரர் திடீரென்று முட்டைகளை அடுக்கப் போய்விட்டார். சித்தி அவளைப் பார்த்த பார்வையிலேயே மீன் வெந்திருக்கும்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. படம் எடுத்தாச்சு. அப்புறம் அந்த மீன் எங்க போச்சு? வியாழக்கிழமை நானும் உன் சித்திகிட்டதான் வாங்கினேன்."

"எங்க போகும்? நம்ம வீட்டுக்குத்தான் வந்துச்சு!" சித்தி அவள் பக்கம் திரும்பினாள். "வாலை உன் தட்டுலதானே வெச்சேன்? சொல்லேன்டி."

வியாழக்கிழமை ராத்திரி தட்டில் மீன் இருந்தது, உண்மை. மூன்று துண்டு தின்றாள். ஆனால் கண் முழுக்கக் கைப்பேசியில், எந்தப் படத்தைக் கொடுக்கலாம் என்பதில். ஒரு வாரம் ஊர்ச் சாப்பாட்டையெல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தவள், தன் தட்டை மட்டும் பார்க்கவில்லை.

இப்போது அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுடி. வால்ல கடி இருந்துச்சா, இல்லையா?"