பரம்பரை மண்டை

என் மகன் ரய்யான் பிறந்தபோது தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருந்தது. "மாஷா அல்லாஹ், எங்கட பரம்பரை மண்டை!" என்று என் மாமனார் தொட்டிலடியிலேயே அறிவித்துவிட்டார். மஹ்ரூப் மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். எல்லாவற்றையும் உயரத்திலிருந்தே பார்த்துப் பழகியதால் மருத்துவம், சட்டம், மீன் குழம்பு எதிலும் அவருக்குச் சந்தேகம் வருவதில்லை.

அவருடைய தலையும் அதே வடிவம்தான். கடைத் தொப்பி ஒன்றும் சரிவராது, அளவெடுத்துத் தைப்பிப்பார். "மூளை கூடின ஆக்களுக்குத் தொப்பி கடையில கிடைக்காது, மகள்" என்பார்.

மதினி ஸல்ஹாவின் தீர்ப்பு வேறு. "புள்ளையக் குளிப்பாட்டக்குள்ள தலைய உருட்டிப் பிடிக்கல்ல. கை தெரியாத ஆக்கள் பெத்தா இப்பிடித்தான்!" சொன்னதோடு விட்டாளா? தினமும் காலையில் எண்ணெய்ப் போத்தலோடு வந்து, ரொட்டிக்கு மா உருட்டுவதுபோல் என் பிள்ளையின் தலையை உருட்டினாள். பிள்ளை கத்தினான், தலை அசையவில்லை. நானும் கத்தினேன், அவளும் அசையவில்லை.

கிளினிக்கில் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் மிட்வைப் மிஸ்தான் உச்சியைத் தடவிப் பார்த்து, எலும்பு வரம்புபோல் தடித்திருக்கிறது என்று கொழும்புக்கு அனுப்பினார். அங்கே டொக்டர் யசோதரா ஸ்கேனைக் காட்டி விளங்கப்படுத்தினார். உச்சந்தலையில் இரண்டு மண்டை எலும்புகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஓடும் பொருத்து நேரத்துக்கு முன்பே ஒட்டிவிட்டது. பக்கவாட்டில் வளர இடமில்லாமல் தலை நீளத்தில் வளர்கிறது. ஆறு மாதத்துக்குள் வெட்டிப் பிரித்தால் சின்ன வெட்டு, பிந்தினால் பெரிய ஓபரேஷன். ரய்யானுக்கு அப்போது நாலு மாதம். மூன்று வாரத்தில் திகதி தந்தார்.

சம்மதக் கையொப்பம் கேட்டார்கள். என் கணவர் பஹ்மி, பேனையைக் கையில் வைத்துக்கொண்டே, "வாப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுறன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை இரண்டரை வாரம் ஓடியது.

"எனக்கு வெட்டினாங்களா? நான் என்ன மௌத்தாப் போனனா?" என்றார் மாமா.

"அவன்ட தலையில கத்தி வைக்க எனக்கு மட்டும் ஆசையா, மாமா? பயத்தில சோறு இறங்குதில்ல. நாள் போகுதே!" என்று அழுதுவிட்டேன்.

"சரி, நானே வந்து அந்த டொக்டரோட கதைக்கிறன்" என்றார். டொக்டருக்குப் பாடம் எடுக்க ஆள் இல்லாத குறைதான் அதுவரை இருந்தது.

கொழும்பில் மாமா கதிரையில் சாய்ந்து பரம்பரைப் பெருமையைத் தொடங்கினார். டொக்டர் பிள்ளையை விட்டுவிட்டு அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தொப்பியைக் கொஞ்சம் கழட்டுறீங்களா?"

அவருடைய உச்சியில் டொக்டரின் விரல் மெதுவாக ஓடியது. "உங்களுக்கு அடிக்கடி தலையிடி வாறதா?"

"அது... கிரேன்ல வெயில்" என்றார் மாமா. பிறகு, "பள்ளிக்கூடம் போற காலத்திலேயே இரிந்திச்சு" என்றார்.

வீட்டில் பின்னேரங்களில் அவர் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார். மாமாவுக்குக் கோபம் என்று நாங்கள் சத்தம் போடாமல் நடப்போம். ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவரை மனதுக்குள் கிண்டல் பண்ணியதற்காக முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

"தலையிடிக்கு இதுதான் காரணமெண்டு நான் அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா உங்களுக்கும் இதே பொருத்துத்தான் ஒட்டியிருக்கு. அந்தக் காலத்தில பாக்க ஆளில்ல" என்றார் டொக்டர்.

மாமா தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பஹ்மியிடம் பாய்ந்தார். "என்னடா பாத்துக்கிட்டு இரிக்காய்? கையொப்பத்தப் போடுடா!"

குறித்த திகதியிலேயே ஓபரேஷன் நடந்தது. பிள்ளை பிழைத்தான், தலை மெல்ல மெல்ல உருண்டை வடிவுக்கு வந்தது. ஊர் திரும்பியதும் மாமா, தானே முதலில் கண்டுபிடித்ததாக எங்கள் ஓர்ஸ் ஹில் பகுதி முழுக்கச் சொன்னார். ஸல்ஹா, தன் எண்ணெய் வேலை செய்ததாகச் சொன்னாள். டொக்டர் சும்மா கூட நின்றிருப்பார்போல.

பெருநாளைக்கு முதல் நாள் மாமா கடைத்தெருவிலிருந்து ஒரு குட்டித் தொப்பியோடு வந்தார். ரய்யானின் தலையில் வைத்தார். பொருந்தி நின்றது. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தார்.

"அளவெடுக்கல்ல, மகள்" என்றார். "கடையில இரிந்ததில ஒண்ட எடுத்தன்."