வெள்ளை மானுக்கு மூன்று கூட்டம்

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லு. அவரு மான் திருடப் போயா செத்தாரு?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"ஒங்க கம்பெனிதான் சொல்லுது. பொணத்தோட வந்த பேப்பர்ல அப்படித்தான் எழுதியிருக்காம். வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. ஊரே திருடன் பொண்டாட்டின்னு பாக்குதுண்ணே."

"நாகு..."

"சாட்சின்னு கீழ ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கு. அது எந்தப் பாவியோட வெரலுண்ணே?"

அத்துடன் உடையப்பனின் டெலிபோன் கார்டு தீர்ந்துபோனது. ஊரிலிருந்து பேசிய தங்கையின் குரல் பாதியில் அறுந்தது.

அந்தப் பேச்சு நடந்து நாற்பது நாளாகிறது. விடியற்காலை லாரியிலிருந்து, மான்களுக்குப் போடும் ஜத் என்ற தீவனப் புல் கட்டுகளை இறக்கும்போதெல்லாம் அது அவன் காதில் ஓடிக்கொண்டேயிருக்கும். கட்டு ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். இறுக்கிக் கட்டிய கம்பி, உறை போட்ட கையையும் அறுத்துவிடும். புல் தூசி மூக்கில் ஏறித் தும்மல் போட வைக்கும். வியர்வையில் ஒட்டிய மணல் கழுத்துப்பட்டைக்குள் அரத்தைப் போல ராவும். புல் இறக்கி முடித்தால் தண்ணீர்த் தொட்டிகளின் பாசியைச் சுரண்ட வேண்டும். மணல்மேட்டின் மேலே, தனித்தனி நீச்சல் குளம் வைத்த குடில்களில் சுற்றுலா வந்தவர்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

துபாயிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த அந்தப் பாலைவன விடுதிக்கு அவர்கள் வருவதே ஓரிக்ஸைப் பார்க்கத்தான். வெள்ளை வெளேரென்ற மான். நெற்றியிலிருந்து ஈட்டி போல நேராக நீளும் இரண்டு கொம்புகள். நாற்பதாக இருந்தது முந்நூறாகப் பெருகிவிட்டது. இரண்டு வருடமாக மழை இல்லை. மரப்பட்டையைக்கூட மான்கள் உரித்துத் தின்றன. பாதியைக் கொன்று குறைக்க வேண்டும் என்றார்கள் சில நிபுணர்கள். வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றார்கள் மற்றவர்கள். விருந்தாளிகள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். மூன்று கூட்டம் நடந்தும் முடிவு வரவில்லை. 'முடிவு வரும்வரை ஓர் உயிரும் கொல்லப்படாது' என்று மேனேஜர் உமாபதி சாப்பாட்டுக்கூட வாசலில் பலகை வைத்தார்.

பலகை ஒரு பக்கம் நிற்க, வெள்ளிக்கிழமைதோறும் விடியலில் பின்பட்டியில் வேறு காரியம் நடந்தது. உடையப்பனும் தோழர்களும் கூழாங்கல் போட்ட பால்மாவு டின்னை ஆட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் மான்கள் தீனிக்கு வரும். அவற்றை அப்படிப் பழக்கியது இவர்கள்தான். வந்தவற்றில் பத்தைப் பிடித்து லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். போனவை திரும்பியதில்லை.

கமுதிப் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்த உடையப்பனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. மேய்ச்சல் இல்லாவிட்டால் கிடையைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, மூலையில் நெருக்கப்பட்ட பெரிய கிடாய் திரும்பி, தங்கை புருஷன் சரவணகுமாரின் விலாவில் கொம்பை இறக்கியது. டூட்டியில் செத்தான் என்று எழுதினால், என்ன டூட்டி என்ற கேள்வி வரும். அதனால் லீவு நாளில் வேலி தாண்டி மான்குட்டி திருடப் போனவனாகச் செத்தவன் மாறினான்.

"பாடி சீக்கிரம் ஊருக்குப் போகணும்ல? வைய்யா" என்று அரபியும் இங்கிலீஷும் நிறைந்த ஒரு பேப்பரை நீட்டினார் உமாபதி. அழுதுகொண்டே விரலை மையில் தோய்த்து வைத்தவன் உடையப்பன்தான்.

தங்கையோடு பேசிய நாற்பதாம் நாள் காலை நிபுணர் குழு நான்காம் முறையாக வரவிருந்தது. டீக்குடத்தோடு சமையல்கார மீரா சாகிப் வந்தபோது, புல் கட்டின் கம்பியை அறுத்துக்கொண்டிருந்த உடையப்பன் அப்படியே நிறுத்தினான்.

"அந்த ரேகை என்னுதுதான்யா."

ஜீப் ஓட்டும் பிரைட் டம்ளரைக் கீழே வைத்தான். நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைக்காரன்.

"அறியாம வச்சீரா, அறிஞ்சு வச்சீரா?"

"பாடி அனுப்புற பேப்பருன்னு நெனச்சேன்."

"எனக்க வெரலும் எந்தெந்தப் பேப்பர்ல கெடக்குன்னு எனக்கே தெரியாது வே" என்றான் பிரைட்.

"பாஸ்போர்ட்ட வாங்கி வச்சப்ப நானும் ஒண்ணுல வச்சேன்" என்றார் மீரா சாகிப். "சம்மதத்தோட குடுத்தேன்னு எழுதியிருந்துச்சாம். எங்க சம்மதிச்சேன்? அந்த மானுக்கு மூணு கூட்டம் போட்டாங்க. செத்துப்போன நம்ம பிள்ளைக்கு ஒரு கூட்டமாச்சும் போட்டாங்களா?"

"அண்ணாச்சி, அந்த மேனேஜருட்ட நேருக்கு நேரா கேளும்" என்று உடையப்பனிடம் திரும்பினான் பிரைட்.

"நாப்பது நாளா தொண்டை வரைக்கும் வருது. கேட்டா விசாவக் கேன்சல் பண்ணி பிளேன்ல ஏத்திருவான்."

"ஒருத்தர ஏத்துவான். இருவத்தாறு பேரையும் ஏத்திட்டு, அவன் வந்து புல்லு சொமப்பானா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஈரம் இல்லை.

எட்டு மணிக்கு மேல்மாடத்தில் நிபுணர்களும் கேமராக்களோடு விருந்தாளிகளும் கூடிவிட்டார்கள். கீழே முன்பட்டி வெறிச்சென்று கிடந்தது. தூரத்து மேட்டில் வெள்ளைப் புள்ளிகளாக மான்கள் நின்றன. உமாபதி கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னய்யா வேடிக்கை பாக்குறீங்க? டின்னை ஆட்டுங்க, யல்லா!"

உடையப்பன் டின்னை மணலில் வைத்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு டின்னாகத் தரைக்கு இறங்கியது.

"ஸ்ட்ரைக்கா? இந்த நாட்டுல அதுக்கு என்ன பேருன்னு தெரியுமா? மத்தியானத்துக்குள்ள எல்லார் விசாவும் கலாஸ்!"

"பண்ணுங்க சார். மானு அதுக்குப் பொறவும் வராது" என்றான் பிரைட்.

"நீங்க இல்லன்னா வராதா? ஒரு டின்னு ஆட்டத் தெரியாதாய்யா எனக்கு?"

உமாபதி டின்னைப் பறித்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனார். பளபளத்த ஷூ மணலில் புதைய, கல்யாண வீட்டு மேளக்காரனைப் போல ஆட்டினார். பழகாத தாளத்துக்குப் புள்ளிகள் இன்னும் தூரம் நகர்ந்தன. மேல்மாடத்தில் சிலர் சிரித்தார்கள். முகம் சிவக்க அவர் மேலும் உள்ளே நடந்தார்.

தொட்டியின் நிழலிலிருந்து பெரிய கிடாய் எழுந்தது.

உமாபதி அதைப் பார்க்கவில்லை. உடையப்பன் பார்த்தான். தலை தாழ்ந்தது, முன்னங்கால் மணலைக் கீறியது. நாற்பது நாளும் பாயில் படுத்துக்கொண்டு அவன் கண்ட காட்சி இதுதான்: இதே கிடாய், இதே கொம்பு, விலாவுக்கு நேராக இவர். அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பல் கடிபட்டு நறநறத்தது. எண்ணத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. கிடாய் பாய்ந்தது.

"ட்ர்ர்ரூ... ஹா! ஹா!"

அடித்தொண்டையிலிருந்து வந்த அந்த இடையர் குரலுக்குக் கிடாய் சறுக்கித் திரும்பி, மணலை வாரியிறைத்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடியது. உமாபதி டின்னோடு நின்ற இடத்திலேயே விழுந்துகிடந்தார். உடையப்பன் உள்ளே போய் அவர் எதிரே நின்றான். கை கொடுக்கவில்லை.

"கொன்னிருக்கும்யா... முன்னாடியே கூப்பிட மாட்டியா?" அவர் வாயில் புகுந்த மணலைத் துப்பினார்.

"சாக விடத்தான் சார் நின்னேன். பெறகு யோசிச்சேன். நீங்க செத்துட்டா யாரு மாத்தி எழுதுவா?"

இருபத்தைந்து பேரும் கதவு வழியாக வந்து அவனுக்குப் பின்னால் நின்றார்கள். மீரா சாகிப் கரண்டியோடு வந்திருந்தார். மேல்மாடத்தில் ஒரு நிபுணர் அம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, என்ன நடக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, போங்க, பேசிக்கலாம்... ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்று உமாபதி எழ முயன்றார்.

"ஆபீஸ்ல வேணாம். பிரைட்டு, நான் சொல்றத அப்படியே அந்த அம்மாவுக்கு இங்கிலீசுல சொல்லு."

"சொல்லும் அண்ணாச்சி."

உடையப்பன் நிமிர்ந்து, மேட்டின் கடைசிக் குடில் வரை கேட்கும் குரலில் சொன்னான்:

"வெள்ளிக்கெழம தோறும் மானைப் புடிச்சு ஏத்தச் சொன்னது இவரு. எங்க சரவணகுமாரு அந்த டூட்டியிலதான் செத்தான். அவன் திருடன்னு எழுதின பேப்பர்ல வெரலு வச்சது நான். என் வெரல எனக்குத் திருப்பிக் குடுங்க சார். அவன் டூட்டியில செத்தான்னு எழுதிக் குடுங்க."