கஜீஜ் அத்தையின் முற்றம்

அந்த மலையூரில் கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டின் முற்றம். குலாலாவின் தலைக்கு மேலே கஜீஜ் அத்தையின் முற்றம் இருந்தது. அத்தை மேலே நடந்தால் கீழே உத்திரம் முனகும். குலாலா கீழே ரொட்டி சுட்டால் மேலே அத்தைக்குப் பசிக்கும்.

கூரை மண்ணால் ஆனது. உத்திரத்தின் மேல் சுள்ளி, சுள்ளியின் மேல் மண், அதன் மேல் வைக்கோலும் உப்பும் சேர்த்து மிதித்த களிமண். பனிக்காலத்தில் குளிர் அதை வெடிக்க வைக்கும். பனியை வழித்துத் தள்ளினால் மட்டும் போதாது. பனி உருகி, மண் இளகி இருக்கும்போதே கல் உருளையை இழுத்து வெடிப்பை மூடிவிட வேண்டும். உறைந்திருக்கும்போது இழுத்தால் மண் பொடிந்துபோகும். தாமதித்தால் நீர் உள்ளே இறங்கும். ஊறிய கூரை யாரிடமும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை; அப்படியே உட்கார்ந்துவிடும். போன பனிக்காலத்தில் ஓடைக்கரையில் ஒரு வீடு அப்படித்தான் போனது. உள்ளே கட்டியிருந்த ஆடுகளை வசந்தத்தில்தான் எடுத்தார்கள்.

இது இரண்டு பெண்கள் சேர்ந்து செய்யும் வேலை. மேலே இருப்பவளுக்கு ஒழுக்கு தெரியாது, கீழே இருப்பவளுக்கு வெடிப்பு தெரியாது. அதனால் கீழே இருப்பவள் ஒழுகும் இடத்தில் துடைப்பக் கட்டையால் உத்திரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். உருளை அங்கே வரும். ஒழுக்கு நின்றதும் இரண்டு தட்டு. குலாலா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் கஜீஜ் அத்தையும் வாயால் பேசியதைவிடக் கட்டையால் பேசியதே அதிகம்.

இலையுதிர்காலத்தில்தான் வாயால் பேசிக் கெட்டது. குலாலாவின் கணவன் யாத்கார் பட்டணத்திலிருந்து தார்ச் சீட்டுச் சுருள் ஒன்றைக் கழுதையில் ஏற்றி வந்திருந்தான்.

"அத்தை, இதை விரிச்சு ஒட்டிட்டா ஒழுக்கே இருக்காதாம். கல்லு இழுக்கிற பாடும் உங்களுக்கு மிச்சம்" என்றாள் குலாலா.

"என் முற்றத்துல கறுப்பு விரிக்கணும்னா நான் செத்தப்புறம் விரிச்சுக்கடி. உன் புருஷனுக்கு அம்புட்டு அவசரமா?"

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"நல்லது சொல்ல வந்த மூஞ்சியப் பாரு!"

அதோடு போக்குவரத்து நின்றது. அந்தச் சமயத்தில் குலாலாவுக்கு மகள் ஹானா பிறந்தாள். பிறந்த குழந்தையை முதலில் மேல்வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்து வாங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். குலாலா கொடுக்கவில்லை. அத்தையும் இறங்கி வந்து கேட்கவில்லை. முதல் பனி விழுவதற்குச் சற்று முன்பு நெஞ்சுச் சளியில் அத்தை போய்ச் சேர்ந்தாள். பிள்ளை ஒருவன் கடல் கடந்து இருந்தான். ஊரார் அடக்கம் செய்து கதவைப் பூட்டினார்கள். செத்தவள் முற்றத்தில் பனி தள்ளலாம். ஆனால் வாரிசு வந்து பூட்டைத் திறக்கும்வரை அவள் உருளையை அயலார் தொடக் கூடாது. பனி கணவாயை மூடிவிட்டது, வாரிசு வரவில்லை. தார்ச் சீட்டு ஒட்டக் காய்ந்த தரை வேண்டும், அதற்கும் வழியில்லை. யாத்கார் கட்டட வேலைக்குச் சமவெளிக்கு இறங்கிவிட்டான். வீட்டில் குலாலாவும் பல் முளைக்காத ஹானாவும் மட்டும்.

முதல் உருகல் வந்த காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் சொட்ட ஆரம்பித்தது. குலாலா பாத்திரம் தேடிக்கொண்டிருந்தபோது மேலே உருளைச் சத்தம் கேட்டது. கரகரவென்று, நிதானமாக. அவள் மாவுக் கையோடு துடைப்பத்தை எடுத்து ஒழுகிய இடத்தில் தட்டினாள். உருளை திரும்பி நேராக அங்கே வந்தது. போய் வந்தது, மறுபடியும் போய் வந்தது. சொட்டு நின்றது. அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். சத்தம் அடங்கியது.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

படியேறிப் போய்ப் பார்த்தாள். பூட்டில் உறைபனி அப்படியே இருந்தது. முற்றத்து ஓரத்தில், கீழே சுவர் தாங்கும் இடத்தில், உருளை வழக்கம்போல் கிடந்தது. அதன் முதுகில் பனி கலையாமல் தொப்பிபோல் அமர்ந்திருந்தது. ஆனால் தரை, ஈரக் கையால் தடவிவிட்டதுபோல், ஒரு வெடிப்பு இல்லாமல் வழவழவென்றிருந்தது. காலடி எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு ஷவ்னமிடம் ஓடினாள்.

"உன் வீட்டுக்காரர் வந்து இழுத்தாரா, அக்கா?"

"அவரா? சொந்தக் கூரை ஒழுகினாலே படுக்கையை நகத்திப் போட்டுக்கிற ஆளு. உன் கூரைக்கு வந்துட்டாலும்!" ஷவ்னம் வாதுமை உடைத்துக்கொண்டே சிரித்தாள். "கஜீஜ் அத்தையாத்தான் இருக்கும். ஒரு டீ கொண்டுபோய் வை. சர்க்கரைக்கட்டி ரெண்டா வை, அவ வாய்க்கு ஒண்ணு பத்தாது."

குலாலா சிரிக்கவில்லை. ஷவ்னம் வாதுமை உடைத்த கல்லைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, நீ தட்டினியா?"

"கை தானா தட்டிடுச்சு, அக்கா."

"அடிப்பாவி. வேலை ஏவிட்டியே! சும்மா உருட்டிட்டுப் போயிருந்தா அது அவ பாடு. இப்ப உனக்காகச் செஞ்ச மாதிரி ஆயிடுச்சே."

அதன் பிறகு ஒவ்வொரு உருகலுக்கும் உருளை வந்தது. குலாலா தட்டாமல் இருந்து பார்த்தாள். அது தானாகவே ஒழுகும் இடத்தைத் தேடி ஊர்ந்தது. ஊரில் பாதி வீடுகளில் பாத்திரம் வைத்திருந்தார்கள். அவள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை.

யாத்கார் தொலைபேசியில் அழைத்தான்.

"கூரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒழுகல."

"யாரு இழுக்கறா?"

"ஆள் இருக்கு."

"கூலி என்ன கேக்கறான்?"

"இன்னும் கேக்கல" என்றாள். சொன்னதும் அவள் கண் கூரைக்குப் போனது.

அந்த வாரத்திலிருந்து உருளை வேலை முடிந்தும் ஓரத்துக்குத் திரும்பவில்லை. தொட்டிலுக்கு நேர் மேலே வந்து நின்றது. உத்திரம் முனக, சுள்ளி இடுக்கிலிருந்து மண் உதிர்ந்து ஹானாவின் போர்வையில் விழுந்தது. குலாலா தொட்டிலை மறு மூலைக்கு இழுத்தாள். மேலே உருளை அசைந்து, மெல்ல நகர்ந்து, அந்த மூலைக்கு மேல் வந்து நின்றது. படியேறிப் பார்த்தால் கல் எப்போதும்போல் ஓரத்தில்தான் கிடந்தது.

என்ன கூலி என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேக்குதுன்னா குடுக்கவா முடியும்?" என்றாள் ஷவ்னமிடம். "நானே ஏறி இழுக்கப் போறேன். என் கூரையை நானே பாத்துக்கிட்டா அதுக்கு இங்க என்ன வேலை?"

"வாரிசு வராம கல்லைத் தொடக் கூடாதுடி."

"வாரிசு வர்றதுக்குள்ள என் வீடு இருக்கணுமே."

அடுத்த உருகல் மப்பான ஒரு காலையில் வந்தது. மேகம் கணவாய்வரை இறங்கியிருந்தது. பனி உருகி இளகிய மண்ணின்மேல் மழை விழுந்தால் அதைவிடக் கேடு வேறில்லை. உருளைச் சத்தம் தொடங்குவதற்குள் குலாலா ஹானாவைத் தொட்டிலில் படுக்கவைத்து, அந்த ஊர்த் தாய்மார் செய்வதுபோல் கையையும் காலையும் துணிப்பட்டியால் இறுகக் கட்டினாள். கதவை வெளியே தாழிட்டு மேலே ஏறினாள். கல்லின் முதுகுப் பனியைத் தட்டிவிட்டு, அதன் இரு முனைகளிலும் இருந்த குழிகளில் மரப்பிடியைப் பொருத்தி இழுத்தாள். முதலில் அசையவில்லை. பிறகு பழகிய மாடுபோல் பின்னால் வந்தது. நீர் வடியும் மரத்தூம்பை நோக்கி இழுத்தாள், திரும்பினாள், மறுபடி இழுத்தாள். எங்கே வெடித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே சேறு.

காலுக்கடியில் ஒரு தட்டுக் கேட்டது.

குலாலா நின்றாள். கீழே கட்டிப்போட்ட குழந்தையைத் தவிர யாருமில்லை. மறுபடியும் ஒரு தட்டு, அதே இடத்தில். குனிந்து பார்த்தாள். சுவரை ஒட்டி, முடிபோல் ஒரு வெடிப்பு நீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

பிடியைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவு அவள் தாழிட்டபடியே இருந்தது. உள்ளே அடுப்பு கனன்றது. தொட்டில் அவள் வைத்த இடத்தில் இல்லை. அடுப்பை ஒட்டி, கதகதப்பில் இருந்தது. அது இருந்த இடத்தில் கம்பளம் நனைந்து, மேலிருந்து பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஹானா கட்டுக்குள் விழித்தபடி, அறையின் நடுவே ஆள் உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷவ்னம் வீட்டுக்குப் போகலாம். போனால் பொழுது சாய்வதற்குள் கூரை உட்கார்ந்துவிடும். முதுகில் கட்டிக்கொண்டு இழுத்தால் இந்தக் குளிர் மழையில் குழந்தை தாங்காது. உத்திரம் ஒருமுறை நெட்டி முறித்தது.

குலாலா தொட்டிலருகே போய்க் குனிந்தாள். மகளின் நெற்றியில் முத்தம் வைத்தாள். எழுந்து, வெறும் அறையைப் பார்த்துச் சொன்னாள்:

"அத்தை, நான் முன்னாடியே கொண்டாந்து காட்டியிருக்கணும். கொஞ்சம் பாத்துக்கங்க."

மேலே போய்ப் பிடியை எடுத்தாள். தட்டிய இடத்துக்கெல்லாம் இழுத்தாள். சுவரோரம், பிறகு நடுவில், பிறகு தூம்பின் வாயருகே. மழை முகத்தில் அறைந்தது. உள்ளங்கை கிழிந்தது. தூம்பில் நீர் கலங்கலாக வந்து, போகப்போகத் தெளிந்து வழிந்தது. கீழே தட்டும் சத்தம் நின்றிருந்தது; ஒழுக்கு நின்றதைச் சொல்லும் இரண்டு தட்டு மட்டும் வரவில்லை.

அப்போது ஹானா சிரிப்பது கேட்டது. கலகலவென்று, மூச்சு முட்டும் சிரிப்பு. கட்டுக்குள் கிடக்கும் குழந்தை அப்படிச் சிரிக்காது. இரண்டு கையில் ஏந்தி, உயரத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினால்தான் சிரிக்கும்.

குலாலாவின் கால்கள் படிப் பக்கம் திரும்பின. மழை இன்னும் வலுத்தது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு கல்லைத் தூம்பின் பக்கம் திருப்பினாள்.