கண்ணாடிப் பெட்டிக்குள் போன டம்ளர்

மார்ச் மாதம் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, பல்கலைக்கழக நூலகத்தின் தரைத்தளத் தேநீர் அறையில் ஓர் அலுமினிய டம்ளர் அதன் இடத்தில் இல்லை.

அதன் இடம் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி. அதில் அது தொங்கும். உள்ளே சுவர் அலமாரியில் பன்னிரண்டு பீங்கான் கோப்பைகள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். ஓரத்தில் தங்கக் கோடு போட்டது தலைமை நூலகருடையது. மற்ற பதினொன்றும் மற்ற பதினோரு பேருடையவை. அந்தப் பன்னிரண்டையும் தினமும் இரண்டு வேளை கழுவித் துடைத்துக் கவிழ்ப்பவர் தரைத்தளம்.

தரைத்தளம் என்பது ஒரு பெண்ணின் பெயராகிவிட்டிருந்தது. வருகைத் தாளில் 'துப்புரவு - தரைத்தளம்' என்று அச்சடித்த இடத்துக்கு நேரே அவர் கையெழுத்துப் போடுவார். அதை வைத்து, "தரைத்தளம் வந்தாச்சா?", "தரைத்தளத்தக் கூப்பிடு" என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். இயற்பெயரை யாரும் கேட்டதில்லை. அவரும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதிவேட்டு எழுத்தர் அந்த டம்ளரைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார். "இது உங்களுக்கு" என்றார். அவ்வளவுதான். யார் என்ன பிறப்பு என்ற பேச்சு அந்தக் கட்டடத்தில் எழுந்ததே இல்லை. எல்லோரும் படித்தவர்கள். பிற்பாடு ஒருமுறை, யாரும் கேட்காமலேயே, "சுகாதாரம் பாருங்க, அதுக்காகத்தான்" என்று எழுத்தர் விளக்கினார். அதைச் சொல்லும்போது அவர் கையில் இருந்த கோப்பை, சற்று முன் தரைத்தளம் கழுவிக் கொடுத்தது.

தேநீர் போடுவது பைண்டரின் வேலை. புத்தகம் கட்டப் பசை காய்ச்சும் அடுப்பு அந்த அறையில்தான் இருந்தது; பசைச் சட்டி இறங்கியதும் கெட்டில் ஏறும். தரைத்தளம் டம்ளரை நீட்டுவார். பைண்டர் கெட்டிலை ஒரு முழம் உயர்த்தி ஊற்றுவார். கெட்டிலின் மூக்கு டம்ளரில் பட்டதில்லை. பதினோரு வருடத்தில் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தியதும் இல்லை. அவ்வளவு கைத்தேர்ச்சி.

அன்று பைண்டர் கெட்டிலோடு நின்றார். தரைத்தளம் வெறுங்கையோடு நின்றார்.

"என் டம்ளர் எங்கண்ணே?"

"கொக்கியில இல்லையா?"

"இருந்தா உங்களக் கேப்பேனா?"

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்குமோ?"

"ஆமா, அதுக்கு டீ குடிக்கணும்னு ஆசை வந்துடுச்சு."

பைண்டர் சிரித்தார். கண் ஒருமுறை அலமாரிக்குப் போயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்தார். "எங்கயாவது இருக்கும். தேடிப் பாருங்க" என்றார்.

தேடவேண்டிய தேவை ஏற்படவில்லை. நுழைவுக்கூடத்தில் மறுநாள் கண்காட்சி திறக்க இருந்தது. 'உடைந்த சுவர்கள்' என்று பெயர். மனிதர்களை மனிதர்கள் ஒதுக்கிவைத்த காலமும், அது ஒழிந்த கதையும். ஓவியங்கள், புகைப்படங்கள், கண்ணாடிப் பெட்டிகளில் பழைய பொருள்கள். கண்ணாடி துடைக்கத் துணியும் வாளியுமாகப் போன தரைத்தளம் ஏழாவது பெட்டியின் முன் நின்றார்.

உள்ளே, நீல வெல்வெட் துணிமேல், மேலிருந்து ஒரு குட்டி விளக்கு ஒளி வீச, அவருடைய டம்ளர் இருந்தது. விளிம்பில் அவர் பல் அறிந்த அதே நெளிவு. அடியில் நேற்றைய தேநீர்க் கறை.

பக்கத்தில் அட்டை. எழுத்துக் கூட்டாமல், வாய் அசையாமல் படித்தார்:

'தனிக் குவளை. அலுமினியம். துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று தனியே வைக்கப்பட்டிருந்தது. இவ்வழக்கம் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒழிந்தது. பொருளைத் தொடாதீர்கள்.'

நடந்தது இதுதான். கண்காட்சியை அமைக்க ஓர் ஓவியர் வந்திருந்தார். இளம்பெண், நேர்மையானவர், ஓயாமல் நடப்பவர். ஏழாவது பெட்டிக்கு அட்டை குழுவின் ஒப்புதலோடு தயாராக இருந்தது; உள்ளே வைக்கத்தான் ஒன்றும் அகப்படவில்லை. "செஞ்சு வச்ச பொருள் வேணாம். நெசமாவே புழங்கினதா இருக்கணும்" என்று கட்டடம் முழுக்கச் சுற்றியவர், புதன்கிழமை மாலை தேநீர் அறை ஜன்னலில் தொங்கியதைக் கண்டுவிட்டார். "இது ஏன் வெளிய இருக்கு?" என்று உடன் வந்த எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் கொக்கியைப் பார்த்தார். "அது பழசுங்க" என்றார். "எவ்வளவு பழசு?" என்றதும், "ரொம்ப... ரொம்பப் பழசு" என்றார். ஓவியருக்குக் கண் கலங்கியது. கறையைத் துடைக்கக் கூடாது, அது காலத்தின் கறை என்று சொல்லி, இரு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். எழுத்தர் தம் வழக்கப்படி அதைப் பதிவேட்டில் ஏற்றினார். நூலகத்துக்குள் வரும் எதுவும் எண் இல்லாமல் இருக்கக் கூடாது. டம்ளருக்கும் எண் விழுந்தது.

தரைத்தளம் வாளியை அங்கேயே வைத்துவிட்டு எழுத்தரிடம் போனார்.

"சார், என் டம்ளர் பெட்டிக்குள்ள இருக்கு."

"மெதுவாப் பேசு" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பேசுங்க" என்று திருத்திக்கொண்டார்.

"எடுத்துக் குடுங்க. டீ ஆறுது."

"எப்படிம்மா எடுக்கறது? பதிவேட்டுல ஏறிடுச்சு. இனி அது நூலகச் சொத்து. வெளிய எடுக்கணும்னா குழு கூடணும், அஞ்சு பேர் கையெழுத்துப் போடணும்."

"உள்ள போறப்ப யாரும் கையெழுத்துப் போடலயே சார்?"

எழுத்தர் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"அம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒழிஞ்சுதுன்னு எழுதியிருக்கு. நேத்து சாயங்காலம் குடிச்சேன், சார்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது வரைக்கும்."

"இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

விஷயம் தலைமை நூலகரின் அறைக்குப் போயிற்று. அவர் சமத்துவம் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியவர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். தரைத்தளத்தை உட்காரச் சொல்ல நினைத்தார். நாற்காலியில் கோப்புகள் இருந்தன.

"இங்க பாருங்கம்மா, நாளைக்குத் துணைவேந்தர் வர்றார். கண்காட்சிப் புத்தகம் ராத்திரியோட ராத்திரியா ஐநூறு அச்சடிச்சாச்சு, அதுல அந்த டம்ளர் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கு. ஒரு டம்ளர்தானே? நாளைக்கு வீட்லருந்து இன்னொண்ணு கொண்டாங்க. கொக்கி அங்கதான் இருக்கு."

"அது அம்பது வருஷம் முன்னாடியே ஒழிஞ்சு போச்சுங்களே மேடம். திரும்ப நானே கொண்டாந்து மாட்டுனா தப்பாயிடாதுங்களா?"

தலைமை நூலகர் அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தரைத்தளத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்த தரைபோல இருந்தது.

"மாசக் கடைசில உங்க ஒப்பந்தம் என் மேசைக்குத்தான் வருது. ஞாபகம் இருக்கில்ல?" என்றார், மிக அன்பாக.

"இருக்குங்க மேடம்."

அன்று தரைத்தளம் தேநீர் குடிக்கவில்லை. பைண்டர் ஒரு காகிதக் கோப்பை கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம்ணே."

"கோவிச்சுக்காதீங்க. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"எப்பலருந்து?"

பைண்டருக்குப் பசைச் சட்டியில் திடீரென்று வேலை வந்துவிட்டது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், தையல்காரர், ஊசியில் நூல் கோக்கும் மும்முரத்தில் சொன்னார்: "நம்ம வீட்ல நாலு டம்ளர் இருக்கு. ஒண்ண எடுத்துட்டுப் போயேன். வேல போயிட்டா?"

"போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வக்கு இல்ல. ஆனா என் கையால கொண்டு போய் மாட்ட மாட்டேன்."

"அப்ப டீ குடிக்காம இருப்பியா?"

"அத எதுக்கு விடணும்?"

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் துணைவேந்தர் நாடாவை வெட்டினார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வந்தவர், ஏழாவதன் முன் நின்று தலையை ஆட்டினார். "என்ன மாதிரி மனுஷங்கய்யா அவங்க!" என்றார். கூட இருந்தவர்கள் எல்லோரும் அந்த மனிதர்களுக்காக வெட்கப்பட்டார்கள். எழுத்தரும் வெட்கப்பட்டார்.

விருந்தினர் கோப்பைகள் இருந்த அறையின் சாவிக்காரர் அன்று விடுப்பு. வேறு வழியில்லாமல் அலமாரியில் இருந்த பன்னிரண்டு கோப்பைகளிலும் தேநீர் வந்தது. தட்டைத் தூக்கி வந்தவர் தரைத்தளம். பதினொன்று கைமாறின. தலைமை நூலகரின் இரு கைகளிலும் கத்தரிக்கோல் வைத்த வெள்ளித் தட்டு இருந்ததால், தங்கக் கோடு போட்ட கோப்பை மட்டும் மிஞ்சியது.

தரைத்தளம் தட்டை ஏழாவது பெட்டியின் மேல் வைத்தார். கோப்பையை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

எழுத்தர் பாய்ந்து வந்தார். "ஏம்மா! என்ன பண்றே? வை கீழ!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். கிசுகிசுப்பு கூடத்தின் கூரையில் பட்டு நன்றாகவே ஒலித்தது.

துணைவேந்தர் திரும்பினார். "என்ன ஆச்சு?"

எழுத்தர் வாயைத் திறந்தார். அந்தக் கோப்பையில் இவர் குடிக்கக் கூடாது என்று சொன்னால் அட்டை பொய். அட்டை சரி என்றால், குடிப்பதில் குற்றமில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லீங்கய்யா," என்றார் தரைத்தளம். "எனக்குன்னு தனி டம்ளர் இல்லையான்னு சார் கேக்குறாரு."

துணைவேந்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சும்மா! அதோ பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு பாருங்க!"

"ஆமாங்கய்யா. நானும் நேத்துதான் படிச்சேன்."

"அருமை! இதுதான் மாற்றம். இதுதான் கண்காட்சி!" அவர் தம் கோப்பையை உயர்த்தினார். "புகைப்படக்காரர் எங்கப்பா? நாங்க மூணு பேரும் ஒண்ணா நிக்கறோம், எடு. மேடம், நீங்களும் வாங்க. தட்ட யார்கிட்டயாவது குடுங்க."

தட்டை எழுத்தர் வாங்கிக்கொண்டார். ஏழாவது பெட்டிக்குப் பின்னால், அந்தப் பக்கம் துணைவேந்தர், நடுவில் தங்கக் கோப்பையோடு தரைத்தளம், இந்தப் பக்கம் தலைமை நூலகர். "சிரிங்க மேடம்" என்றார் புகைப்படக்காரர். மேடம் சிரித்தார்.

ஓவியர் சிரிக்கவில்லை. விருந்தினர்கள் போனபின் தரைத்தளத்தின் அருகில் வந்து நின்றார்.

"அது உங்களோடதா?"

"ஆமாங்க."

"எப்ப வரைக்கும்?"

"நீங்க எடுத்துட்டுப் போற வரைக்கும்."

ஓவியர் நேரே தலைமை நூலகரிடம் போய், அட்டையை உடனே மாற்ற வேண்டும் என்றார். அட்டையின் வாசகம் குழு ஒப்புக்கொண்டது என்றும், மாற்றுவதென்றால் குழு கூட வேண்டும் என்றும், குழு அடுத்து செப்டம்பரில் கூடும் என்றும் பதில் கிடைத்தது. ஓவியர் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்துக்கு எண் விழுந்தது. அடுத்த வாரம் வேறோர் ஊரில் அவருக்குக் கண்காட்சி இருந்தது, போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை எழுத்தர் ஒரு பச்சை நிறப் பிளாஸ்க்கோடு வந்தார். வீட்டுத் தேநீர்தான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை இன்னும் ஐந்து பேருக்கு வயிறு அப்படி ஆயிற்று. தலைமை நூலகருக்கு மருத்துவர் தேநீரையே நிறுத்தச் சொல்லிவிட்டார். அலமாரியிலிருந்து கோப்பைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. தங்கக் கோடு போட்டதை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பைண்டரும் ஒரு பிளாஸ்க்கைக் கொண்டுவந்து, மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார். தரைத்தளத்தின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"நல்லா இருக்குண்ணே. புதுசா?"

"வீட்ல வாங்கிக் குடுத்துட்டாங்க" என்றார் பைண்டர், அடுப்பைப் பார்த்து.

"சூடு நிக்குமா?"

"நிக்கும்ங்கறாங்க."

"அப்ப நாளைலருந்து டீயும் நானே போட்டுக்கறேன். நீங்க அவ்வளவு ஒசரத்துலருந்து ஊத்துறது கைக்குக் கஷ்டம்."

மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் தலைமை நூலகரின் மேசைக்கு வந்தது. மூன்று பேர் நிற்கும் புகைப்படம் அதற்குள் நுழைவாயிலில் ஆறடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது.

பார்வையாளர்களின் வரவேற்பை முன்னிட்டு, 'உடைந்த சுவர்கள்' கண்காட்சி மேலும் ஒரு மாதம் நீட்டிக்கப்பட்டது. அட்டை மாற்றப்படவில்லை. நூலகத்தில் இப்போது பதினோரு பிளாஸ்க்குகள் இருக்கின்றன. தேநீர் அறை அலமாரியில் ஒரே ஒரு கோப்பை இருக்கிறது. தினமும் பத்தே முக்காலுக்குத் தரைத்தளம் அதில் தேநீர் குடித்து, கழுவி, உள்ளே கவிழ்த்து வைக்கிறார்.