அடிச்சேறு

ரங்கூனில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது தொட்டி மீன்களுக்குப் பசி மந்தமாகிவிடும். தின்னாமல் விட்ட தீனி அடியில் போய் அழுகும். குளிருக்கு முன்பே அந்தக் கறுப்புச் சேற்றை எடுத்துவிட வேண்டும். எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ரப்பர் குழாயின் ஒரு நுனியைச் சேற்றில் வைத்து, மறுநுனியைத் தாழ்வாகப் பிடித்து வாயால் உறிஞ்சிவிட்டால் போதும். தண்ணீர் தன் எடையாலேயே சேற்றை இழுத்துக்கொண்டு வெளியேறும். தொட்டி கலங்காது. ஆனால் அரை நாள் ஆகும்.

என்னிடம் அரை நாள் இல்லை. நகரின் ஓரம் லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஏசி பழுதாகிக் கிடந்தது; நான்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும். இந்தத் தெருவிலோ காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். அதற்குள் முடித்துவிட மோட்டாரை இறக்கினேன்.

"உங்க அண்ணன் குழாய்தான் வைப்பாரு, தம்பி" என்றார் கமலாட்சி அண்ணி.

தொட்டியும் அதிலிருந்த ஒன்பது கெண்டைகளும் மாரிச்சாமி அண்ணன் விட்டுப்போனவை. த்வாண்டே ஊர் மண்பானைகளைத் தொட்டிக்குள் படுக்கவைத்து மீன்களுக்கு ஒதுங்க இடம் செய்தவரும் அவர்தான். ஒன்பதையும் எண்ணிப் பார்க்காமல் அண்ணி காலையில் டீ குடிப்பதில்லை.

"இதுவும் அதே வேலைதான் அண்ணி, சீக்கிரம் முடியும். பார்த்துக்கலாம். மோட்டாருக்குள்ள ஒரு விசிறி இருக்கு பாருங்க, அது..."

"வாத்தியாரே, பாடம் அப்புறம். தண்ணியப் பாருங்க."

தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. எட்டரைக்கே கரண்ட் போனது. மோட்டாரோடு காற்றுக் குமிழி விடும் பம்பும் நின்றது.

கலங்கிய சேறு தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ஒன்பது வாய்களும் மேலே வந்து திறந்து திறந்து மூடின.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவரும் இப்படித்தான், தம்பி."

கொரோனா உச்சத்தில் ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது. எப்படியோ ஒன்றைக் கொண்டுவந்தேன். அவசரத்தில் அதன் வாயிலிருந்த திருகு மரையைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த ரெகுலேட்டர் அதில் ஏறவில்லை. பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு வேறொன்று தேடி ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணனுக்கு மூச்சு நின்றிருந்தது. சிலிண்டர் நிறைந்தபடியே கட்டிலருகில் நின்றது.

வாளியை எடுத்தேன். மழைநீர் டிரம்மிலிருந்து மொண்டு, தலைக்கு மேல் தூக்கி ஊற்றினேன். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் உடைந்து சிதறும். சிதறும்போது காற்றை உள்ளே கொண்டுபோகும். இதை நான் சொல்லவில்லை. அண்ணியும் ஒரு வாளி எடுத்துக்கொண்டார். டிரம் காலியானதும் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றினோம். கை மரத்துப்போனது.

எட்டு மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. அண்ணன் முதன்முதலில் வாங்கிய பெரிய சிவப்பு மட்டும் பக்கவாட்டில் மிதந்தது.

"இது மட்டும் ஏன் தம்பி?"

உடம்பு பெரிதானால் மூச்சும் அதிகம் வேண்டும். காற்று குறைந்தால் பெரியதுதான் முதலில் போகும். பதில் நாக்கு நுனியில் நின்றது.

"என் அவசரம்தான் அண்ணி. அன்னைக்கும்."

அவர் மீனை முந்தானையில் ஏந்திக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார். "இதச் சொல்ல இத்தனை வருசமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

தொழிற்சாலைக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். கலங்கல் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு ரப்பர் குழாயை இறக்கி, மறுநுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன். நாக்கில் சேறு கசந்தது. கறுப்புத் தண்ணீர் நூல் போல வடியத் தொடங்கியது. இருட்டும்வரை கதவு திறக்கவில்லை.