பெயர் சொல்கிறவன்

அக்காவின் கேமராவில் அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான் தம்பி. காலையில்தான் அடக்கம் முடிந்திருந்தது. சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று மாமா, அவள் கணவர், கேட்டிருந்தார். ஒன்றில்கூட அவள் இல்லை. எட்டுக்கால் பூச்சி, அசுவினி, கடுகளவு வண்டு. ஊரிலுள்ள பூச்சிக்கெல்லாம் முகம் இருந்தது, எடுத்தவளுக்குத்தான் இல்லை.

அக்காவுக்குத் தையல் வேலை. மெஷினை நிறுத்தினால் செடிகளுக்குள் முழங்காலிட்டுக் கிடப்பாள். அவள் படம் எடுப்பாள், கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தம்பி பெயர் சொல்வான். ஒரே ஒரு கட்டுப்பாடு. சின்ன வயதில் தேனீ கொட்டி, மூச்சடைத்து, செத்துப் பிழைத்தவள் அவள். அதனால் மஞ்சள் கோடு போட்ட எதையும் முதலில் தள்ளி நின்று எடுத்து அவனுக்கு அனுப்புவாள். அவன் சரி என்ற பிறகுதான் லென்ஸைக் கிட்டே கொண்டுபோவாள்.

நேற்றும் அப்படித்தான் அனுப்பினாள். அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். நகத்தளவு படத்தைப் பார்த்தும் பார்க்காமலும், "ஈதான்க்கா, குளவி வேஷம் போடுது. பயப்படாம கிட்டப் போ" என்று பதில் போட்டான். அப்படி வேஷக்கார ஈக்கள் உண்டு, கொட்டத் தெரியாத அப்பாவிகள். படத்தைப் பெரிதாக்க இரண்டு விரல் போதும். அதற்கும் சோம்பல். கழுத்தில் ஒரே கொட்டு. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேமராவில் கடைசிப் படம் வந்தது, நேற்று அவனுக்கு அனுப்பியது. நீளமான உணர்கொம்புகள். விரிந்த இறக்கைக்குப் பின்னால் இன்னொரு சின்ன இறக்கை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகூடக் குளவி என்று சொல்லிவிடும். கொன்றுவிட்டேன் என்று நினைத்தான். வேறு வார்த்தை அகப்படவில்லை.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் தோளில் கைபோட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. பிறகு திரையை எட்டிப் பார்த்தார்.

"இதானே மச்சான் அது? தம்பி ஈன்னு சொல்லிட்டான்னு சொல்லிட்டுத்தான் போனா. நீ சொன்னா தப்பாது. வேற ஏதோதான் வந்து கொட்டியிருக்கு. எதுன்னு தெரிஞ்சாப் போதும், மனசு ஆறிடும்."

ஆமாம் மாமா, வேற ஏதோதான். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் சாகும்வரை நம்புவார். இவனும் இந்த வீட்டில் எப்போதும்போல் வந்து உட்காரலாம். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

படத்தைப் பெரிதாக்கி அவர் முன் நீட்டினான். "இறக்கைய எண்ணுங்க மாமா."

அவர் குனிந்து பொறுமையாக எண்ணினார். "நாலு."

"ஈக்கு ரெண்டுதான்."

வெளியே யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா அவன் தோளில் இருந்த கையை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் எண்ணினார். கை திரும்பத் தோளுக்கு வரவில்லை.