அல்லிக் குளமும் அசோலாவும்

பக்கத்து வீட்டு புவனேஸ்வரனிடம் கிளாரிஸ் டீச்சருக்குப் பிடித்தது என்று எதுவுமே இல்லை. அவருடைய அரைக்கால் சட்டை, குளிக்கும்போது பாடுகிற பாட்டு, குப்பை லாரிக்காரரைக்கூட நிறுத்தி வைத்துப் பேசுகிற வழக்கம் எல்லாமே டீச்சரை முகம் சுளிக்க வைப்பவை. தண்ணீர்மலைக்குப் போகும் சாலையை ஒட்டிய அந்த வரிசை வீடுகளில், இருவரின் பின்பக்கத்தையும் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் பிரித்தது.

இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் புவனேஸ்வரனுக்கு அசோலா பைத்தியம் பிடித்தது. தண்ணீரில் மிதக்கிற பெரணி அது. ஒவ்வொன்றும் நகத்தளவுகூட இருக்காது. ஒரு பிடி போட்டால் போதும், தானே பெருகித் தண்ணீரே தெரியாமல் மூடிவிடும். பழைய ஐஸ் பெட்டி, விரிசல் விட்ட குளியல் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் அதை மிதக்க விட்டார். கூடவே கொஞ்சம் கப்பி மீன்களையும் கொட்டினார். அதோடு சரி, பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர், கொஞ்சம் தரட்டா? உங்க கொளத்துல போட்டா பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருக்கும்லா."

"குப்பைய என் குளத்துல கொட்டச் சொல்றீங்களா, மிஸ்டர் புவனேஸ்?"

டீச்சரின் குளம் வேறு ரகம். சிமெண்ட் கட்டி, ஊதா அல்லி நட்டு, செம்மீன்கள் விட்ட குளம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற தோழிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அக்டோபர் மழையில், சுவர்மேல் இருந்த ஐஸ் பெட்டி நிரம்பி டீச்சரின் குளத்தில் வழிந்தது. சில நாளில் அல்லி இலைகளுக்கு நடுவே பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. டீச்சர் வடிகட்டியால் அள்ளி எறிந்தார். மறுபடி வந்தது. மறுபடி அள்ளினார். மாதம் முடிவதற்குள் குளம் முழுக்கப் பச்சை.

"பாத்தீங்களா, எவ்ளோ அழகு!" என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார் புவனேஸ்வரன்.

டீச்சர் கடைக்குப் போய்க் களைக்கொல்லி வாங்கிவந்து, டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்காமலே ஊற்றினார். அசோலா பழுத்து அழுகியது. அல்லியும் கருகியது. இரண்டாம் நாள் செம்மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அதற்கும் புவனேஸ்வரன்தான் காரணம் என்று டீச்சர் முடிவு கட்டினார். ஆள் வைத்துக் குளத்தை இறைத்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, புது அல்லி நட்டார். மீன் வாங்கவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் கொசு பிடுங்கியது. டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. சுகாதார இலாகாவுக்குப் போன் போட்டார். "பக்கத்து வீட்ல ஒரு மனுஷன் சாக்கடைய வளக்கறாரு. தெருவுக்கே டிங்கிக் காய்ச்சல் வரப் போகுது."

ஃபிக்ரி என்ற மலாய்க்கார இளைஞர் கைவிளக்கோடு வந்தார். புவனேஸ்வரனின் தொட்டிகளில் அசோலாவை விலக்கி விலக்கிப் பார்த்தார். கப்பிகள்தான் ஓடின, ஒரு கொசுப்புழுகூட இல்லை. வந்தது வந்தோம் என்று சுவருக்கு இந்தப் பக்கமும் வந்து, கண்ணாடித் தண்ணீரில் ஒரு குவளை மொண்டு, டீச்சரின் முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"என் வீட்லயா? நல்லாப் பாருங்க! நான் இஸ்கூல்ல துணைத் தலைமையாசிரியையா இருந்தவ!"

ஃபிக்ரிக்குத் தமிழ் தெரியாது. மரியாதையாகச் சிரித்து, அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று பகலில் புவனேஸ்வரன் ஒரு பிளாஸ்டிக் பையில் கப்பிகளோடு சுவரோரம் வந்தார்.

"இத விடுங்க டீச்சர். புழுவத் தின்னுடும்."

"அந்தப் புல் ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்ல, கழுவிட்டேன்." கொஞ்சம் நின்றார். "போன் போட்டது நீங்கதானே? மொதல்ல என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"எனக்குக் கொசு கடிச்சது. போட்டேன்," என்றார் டீச்சர்.

புவனேஸ்வரன் டீச்சரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை டீச்சர் அப்படித்தான் பார்த்திருக்கிறார். தன்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

டீச்சர் நன்றி சொல்லவில்லை. மீன்களை உடனே குளத்தில் விடவும் மனம் வரவில்லை. பை சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணத்துக்குள் கிடந்தது. பொழுது சாய்ந்து கணுக்காலில் கொசு கடிக்கத் தொடங்கியதும், பக்கத்து வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பையை எடுத்துப் போய்க் குளத்தில் கவிழ்த்தார்.